99 சதவீதத்தில் நிற்கும் எமுலேட்டர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

கம்ப்யூட்டரில் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் எமுலேட்டர் தகராறு செய்தால் கை நேராக அன்இன்ஸ்டால் பக்கம்தான் போகும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஒரே எமுலேட்டரை மூன்று தடவை அழித்து மூன்று தடவை நிறுவினேன். மூன்று தடவையும் அதே 99 சதவீதத்தில் வந்து நின்றது. காலையில் பார்த்தால் கோளாறு எமுலேட்டரில் இல்லவே இல்லை. விண்டோஸின் பாதுகாப்பு அமைப்புக்குள் ஒரு சின்னப் பொத்தான். அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். அடியில் ப்ராசசர், அதன்மேல் விண்டோஸ், அதன்மேல் எமுலேட்டர், அதற்குள் ஆண்ட்ராய்டு, உச்சியில் நீங்கள் ஓட்ட நினைக்கும் செயலி. மாடி வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த மாடி வரை ஏறுகிறது என்று குழாயைத் திறந்து பார்ப்போமே, அதே கணக்குதான். ஆண்ட்ராய்டு முகப்பே வரவில்லையா, கோளாறு கீழ்த்தளத்தில். முகப்பு வந்து ஒரே ஒரு செயலி மட்டும் அடம்பிடிக்கிறதா, மேல்தளத்தில். எல்லாம் வருகிறது, ஆனால் நத்தை மாதிரி வருகிறது என்றால் இடையில் எங்கோ குழாய் ஒடுங்கியிருக்கிறது.

கீழே சொல்வது பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு. ப்ளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், நாக்ஸ், மீமு, செயலி எழுதுவோரின் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வரும் எமுலேட்டர் என எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

"பாதியில் நின்றுவிடுகிறது, முகப்புத் திரையே வரவில்லை"

முதல் சந்தேகம் விர்ச்சுவலைசேஷன் மேல். எமுலேட்டர்கள் சுருக்கமாக "விடி" என்று கேட்பது இதைத்தான். ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை வேகமாக ஓட்ட ப்ராசசரே கைகொடுக்கும் வசதி இது. இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் இதைக் கொண்டுவந்துவிட்டன. ஆகவே உங்கள் கம்ப்யூட்டரில் இந்த வசதி இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள்.

பார்ப்பது சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைச் சொடுக்கினால், வலப்பக்கம் கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். "எனேபிள்டு" என்று இருந்தால் அடுத்த அறிகுறிக்குத் தாவுங்கள். "டிஸேபிள்டு" என்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போகவேண்டும்.

பயாஸுக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவின் புது லேப்டாப்பில் இந்த ஒரு அமைப்பை மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். நீலப் பின்னணியில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நின்றது. பிட்லாக்கர் மீட்புச் சாவி. விண்டோஸ் 11 வரும் பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் கைவைத்தால் "யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள்" என்று அது சந்தேகப்பட்டுச் சாவி கேட்கக்கூடும். சாவி பெரும்பாலும் அந்த கம்ப்யூட்டரில் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸ்.

பயாஸுக்குள் போக, கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஹெச்பி லேப்டாப் என்றால் எஃப்10. வேகமான கம்ப்யூட்டர்களில் தட்டுவதற்குள் விண்டோஸ் வந்துவிடும். அப்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் பயாஸ் திறக்கும்.

உள்ளே எங்கே தேடுவது என்பதில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். இன்டெல் என்றால் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" அல்லது "விடி-எக்ஸ்". ஏஎம்டி என்றால் அந்தப் பெயரே இருக்காது. "எஸ்விஎம் மோட்" என்று மூன்றெழுத்தில் ஒளிந்திருக்கும். ஏசஸ் மதர்போர்டுகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் சிபியு கான்ஃபிகரேஷன். எம்எஸ்ஐ போர்டில் ஓவர்கிளாக் பகுதிக்குள் சிபியு ஃபீச்சர்ஸ். ஹெச்பியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன். லெனோவோ திங்க்பேடில் செக்யூரிட்டி. ஏன் ஓர் ஊரில் சமையலறையிலும் இன்னோர் ஊரில் பூஜையறையிலும் வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

வந்த பிறகும் டாஸ்க் மேனேஜர் "டிஸேபிள்டு" என்றே காட்டினால், கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, மின்இணைப்பையும் கழற்றி, அரை நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். சில போர்டுகளுக்கு இந்த முழு ஓய்வு தேவைப்படுகிறது.

"விடி ஆனில்தான் இருக்கிறது, ஆனாலும் ஆன் செய்யச் சொல்கிறது"

என் ராத்திரியைத் தின்றது இதுதான்.

ப்ராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி ஒரே ஒரு நாற்காலி மாதிரி. விண்டோஸில் ஹைப்பர்-வி என்று ஒரு பாகம் இருக்கிறது. அது விழித்துக்கொண்டால் விண்டோஸே அதன்மேல் ஏறி ஓட ஆரம்பிக்கிறது, நாற்காலியில் ஹைப்பர்-வி உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் வரும் எமுலேட்டர் "இடமில்லை" என்று சொல்லத் தெரியாமல் "விடி அணைந்திருக்கிறது" என்று தப்பாகச் சொல்கிறது. அதை நம்பி நீங்கள் மறுபடி பயாஸுக்கு ஓடுவீர்கள். வேண்டாம்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, முதல் பக்கத்தின் அடிவரை உருட்டுங்கள். ஹைப்பர்வைசர் (ஹைப்பர்-வி போல இந்த நாற்காலியில் உட்காரும் மென்பொருள்) ஒன்று கண்டறியப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவரை உள்ளே அழைத்து வந்தது மூன்றில் ஒருவர்.

ஒன்று, விண்டோஸ் ஃபீச்சர்ஸ். கன்ட்ரோல் பேனலில் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்ற பட்டியல். அதில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றில் எதில் டிக் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி என்ற பெயர் இருக்காது. ஆனால் நடுவிலுள்ள இரண்டும் இருக்கும், அவையும் அதே வேலையைச் செய்யும்.

இரண்டு, டாக்கர் என்ற நிரலாளர் கருவி அல்லது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ். படிப்புக்காக எப்போதோ நிறுவி மறந்திருப்பீர்கள். அவை கேட்டுத்தான் மேற்சொன்ன டிக் விழுந்திருக்கும்.

மூன்று, மெமரி இன்டெக்ரிட்டி. இவர்தான் என் ஆள். விண்டோஸ் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசோலேஷன் என்று மூன்று கதவு தாண்டி இருக்கும் பொத்தான். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிய தகுதியான கணினிகளில் இது ஆரம்பத்திலேயே ஆனாகத்தான் இருக்கும். நான் பட்டியலில் எல்லா டிக்கையும் எடுத்திருந்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை. இதுவும் அதே ஹைப்பர்வைசரைத்தான் எழுப்புகிறது.

இனி இரண்டு வழி. நாற்காலியைக் காலி செய்வது ஒன்று: டிக்குகளை எடுத்து, மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, ரீஸ்டார்ட். "ஷட்டவுன்" செய்து திரும்பப் போட்டால் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியால் ஷட்டவுன் பாதித் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுமையானது. மற்ற வழி, ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகும் எமுலேட்டருக்கு மாறுவது. ப்ளூஸ்டாக்ஸ் 5 ஒத்துப்போகும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டர் விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மேலேயே ஓடும், அதற்கு அந்த டிக் தேவை, எடுக்கக்கூடாது. ஸ்டுடியோக்காரர்கள் பழைய பாடங்களைப் பார்த்து எமுலேட்டரை வேகப்படுத்தும் ஹாக்ஸம் என்ற இன்டெல் மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். இன்டெல் அதைக் கைவிட்டு 2023-இலேயே முடிந்தது.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் நல்லது. மெமரி இன்டெக்ரிட்டி, கெட்ட டிரைவர்கள் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்கள்) விண்டோஸின் கருவுக்குள் நுழையாமல் தடுக்கிற காவல். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் தெரிந்தே அணைக்கலாம். வங்கி வேலை, அலுவலக வேலை நடக்கும் லேப்டாப்பில் ஒரு விளையாட்டுக்காகக் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை. அலுவலக லேப்டாப் என்றால் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் பூட்டியும் இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டையும் செய்தும் நகரவில்லை என்றால் ஆன்டிவைரஸைப் பாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் தாங்களும் அந்த நாற்காலியில் பங்கு கேட்கும். அவற்றின் அமைப்புகளில் "ஹார்டுவேர் விர்ச்சுவலைசேஷன்" என்ற சொல் வரும் வரியைத் தேடி அணைத்துப் பாருங்கள்.

எமுலேட்டரைத் திறந்ததும் விண்டோஸே நீலத் திரையாகி விழுந்தால் அதற்கும் பெரும்பாலும் இதே நாற்காலிச் சண்டைதான் காரணம். இரண்டு எமுலேட்டர்களை ஒன்றாக ஓட்டியிருந்தாலும் வரும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற வேறு விர்ச்சுவல் கணினி மென்பொருள் பின்னணியில் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"திறக்கிறது, ஆனால் திரை முழுக்கக் கறுப்பு" / "விளையாட்டில் நிறங்கள் சிதறுகின்றன"

சத்தம் கேட்கிறது, படம் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு உள்ளே நலமாக இருக்கிறது. வரைந்து காட்டும் இடத்தில்தான் சிக்கல். எமுலேட்டர் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போனால் ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ், சிலவற்றில் வல்கன் என்று படம் வரையும் முறைகள் தேர்வுக்கு இருக்கும். இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதற்கு மாற்றி, எமுலேட்டரை மூடித் திறங்கள். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸ் உள்ள பழைய லேப்டாப்களில் எனக்கு டைரக்ட்எக்ஸ் கைகொடுத்திருக்கிறது, என்விடியா அட்டை உள்ளவற்றில் ஓபன்ஜிஎல்.

அடுத்து டிரைவர். விண்டோஸ் அப்டேட் கொடுத்த டிரைவரோடு நிற்காமல் இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்களிலிருந்து நேராக எடுத்துப் போடுங்கள். 2011-ஐ ஒட்டி வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் சில்லுகள் என்றால், அதன் கிராஃபிக்ஸ் ஓபன்ஜிஎல் 3.1-ஓடு நின்றுவிட்டது. புதிய விளையாட்டுகளுக்கு அங்கே வைத்தியம் இல்லை.

ஒரு வினோதக் காரணம்: ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்தபடி அலுவலகக் கணினியில் எமுலேட்டரைத் திறந்தால் கறுப்பாகவோ, திறக்க மறுத்தோ நிற்கக்கூடும். தொலைவிலிருந்து நுழையும்போது விண்டோஸ் வேறொரு காட்சி டிரைவரைப் பயன்படுத்துவதுதான் காரணம். நேரில் போய் உட்கார்ந்து திறந்தால் ஓடும்.

படம் வருகிறது, ஆனால் முகங்கள் கறுப்பாக, தரை ஊதாவாக, ஓவியம் கலைந்தது போல் இருந்தால் ஆஸ்டெக் எனப்படும் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) வகைதான் பிரச்சினை. கைபேசி கிராஃபிக்ஸ் சில்லுகளுக்குப் பழகிய இந்தச் சுருக்க முறை பல கணினி அட்டைகளுக்குத் தெரியாது. ப்ளூஸ்டாக்ஸில் ஆஸ்டெக் அமைப்பை "சாஃப்ட்வேர் டிகோடிங்" என்று மாற்றினால் முகம் முகமாகத் தெரியும்.

"ஓடுகிறது, ஆனால் தவழ்கிறது"

மேலே சொன்ன விடி அணைந்திருந்தும் சில எமுலேட்டர்கள் எப்படியோ ப்ராசசரின் ஒற்றைக் கோரில் தத்தித் தத்தித் திறந்துவிடும். ஆகவே வேகம் இல்லை என்றாலும் முதலில் டாஸ்க் மேனேஜர் வரியைப் பாருங்கள்.

அது சரியென்றால் ராம். 8 ஜிபி கணினியில் எமுலேட்டருக்கு 4 ஜிபிக்கு மேல் கொடுக்காதீர்கள். நிறையக் கொடுத்தால் வேகம் கூடும் என்று 6 ஜிபி ஒதுக்குவார்கள், விண்டோஸ் மூச்சுத் திணறி வட்டில் எழுத ஆரம்பிக்கும், கூடவே எமுலேட்டரும் நிற்கும். கோர்களும் அப்படியே. எட்டு இருந்தால் நான்கு கொடுங்கள், எட்டையும் கொடுக்காதீர்கள். 4 ஜிபி ராமும் பழைய சுழலும் வட்டும் உள்ள கணினி என்றால் அமைப்புகளில் நேரம் கழிப்பதைவிட ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது மேல்.

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் சிக்கனமானதையே எமுலேட்டருக்குக் கொடுக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் எமுலேட்டரைப் பட்டியலில் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள். சார்ஜரையும் செருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை மறந்துவிட்டு எமுலேட்டரைத் திட்டியவர்கள் நிறையப் பேர்.

"உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" / "செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது"

முகப்பு வந்துவிட்டது. மற்ற செயலிகள் ஓடுகின்றன. இது ஒன்று மட்டும் இல்லை. இப்போது மேல்தளத்துக்கு வந்துவிட்டோம்.

கைபேசி ப்ராசசர்கள் ஆர்ம் வகை. மேசைக் கணினிகளில் இருப்பது எக்ஸ்86 வகை. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. பெரும்பாலான விளையாட்டுகளின் உள்பகுதி ஆர்ம் மொழியில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். எமுலேட்டருக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து அதை எக்ஸ்86-க்கு மாற்றிக்கொண்டே இருப்பார். இன்டெல் செய்த மொழிபெயர்ப்பியின் பெயர் ஹூடினி. இந்த மொழிபெயர்ப்பு தடுக்கும் இடத்தில்தான் செயலி சட்டென்று மூடிக்கொள்கிறது.

பலருக்குத் தெரியாதது, எமுலேட்டர் 32-பிட்டா 64-பிட்டா என்பது. 2019 ஆகஸ்டிலிருந்து கூகுள் ப்ளே 64-பிட் பதிப்பைக் கட்டாயமாக்கியது. அதன்பின் பலர் 32-பிட் பதிப்பையே விட்டுவிட்டார்கள். உங்கள் எமுலேட்டரோ பழைய ஆண்ட்ராய்டு 7, 32-பிட்டில் நின்றுகொண்டிருக்கும். இதற்கு எமுலேட்டரை அழிக்க வேண்டியதே இல்லை. எமுலேட்டரோடு வரும் மல்டி-இன்ஸ்டன்ஸ் மேனேஜரைத் திறந்து, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய 64-பிட் இன்ஸ்டன்ஸ் (தனி ஆண்ட்ராய்டுப் பிரதி) ஒன்றைப் புதிதாக உருவாக்கினால் போதும். பழையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்தில் ஓடும். பொருந்தாது என்று புலம்பும் செயலிகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். புதிய செயலி பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்ட பிரச்சினையும் கூடவே தீரும்.

செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை வெளியிலிருந்து இறக்கிப் போட்டு, அது மூடிக்கொண்டால் வேறு கதை. 2021 ஆகஸ்டிலிருந்து ப்ளே ஸ்டோரில் புதிய செயலிகள் துண்டு துண்டாகப் பிரிக்கும் பண்டில் வடிவில்தான் ஏற்றப்படுகின்றன. மொழிக்கு ஒரு துண்டு, திரைக்கு ஒரு துண்டு, ப்ராசசருக்கு ஒரு துண்டு. யாரோ கொடுத்த ஏபிகே அதில் அடித்துண்டு மட்டுமாக இருந்தால் கதவு திறக்கும், வீடு இருக்காது. ப்ளே ஸ்டோரிலிருந்தே நிறுவுங்கள். வெளியிலிருந்து எடுக்கும் கோப்பில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க நமக்கு வழியும் இல்லை.

"வங்கிச் செயலி, யுபிஐ செயலி திறக்க மறுக்கிறது"

இது கோளாறே இல்லை. வேண்டுமென்றே போட்ட பூட்டு. செயலி தன்னைச் சுற்றியிருப்பது உண்மையான கைபேசிதானா என்று கூகுளிடம் கேட்கிறது. முன்பு அதற்குப் பெயர் சேஃப்டிநெட், இப்போது ப்ளே இன்டெக்ரிட்டி. வழக்கமான எமுலேட்டர்கள் அந்தத் தேர்வில் தேறுவதில்லை. யுபிஐயில் இன்னொரு பூட்டும் உண்டு. பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போய் எண்ணையும் கைபேசியையும் முடிச்சுப் போடும். எமுலேட்டரில் சிம்மே இல்லை.

ரூட் செய்து (ஆண்ட்ராய்டின் முழு அதிகாரத்தையும் எடுத்து) ஏமாற்றும் வழிகளைச் சொல்லும் காணொளிகள் கிடைக்கும். பணம் இருக்கும் இடத்தில் பூட்டை உடைத்து நுழையப் பழகாதீர்கள். வங்கிக்கு இணையதளம் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கும் எமுலேட்டர் தேவையில்லை, விண்டோஸுக்கென்றே செயலி இருக்கிறது, ஒரு கணக்கில் நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம்.

திரைப்படச் செயலிகள் எமுலேட்டரில் மங்கலாகவோ கறுப்பாகவோ தெரிவதும் பூட்டுதான். வைட்வைன் காப்புரிமைக் காவலின் கடைநிலைத் தகுதிதான் எமுலேட்டருக்கு உண்டு, உயர்தரப் படத்தை அதற்கு அனுப்பமாட்டார்கள். உலாவியில் பாருங்கள்.

"தமிழில் அடித்தால் ஆங்கிலம் விழுகிறது"

நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற தொல்லை. ஆகவே உலகப் பொதுவான உதவிப் பக்கங்களில் இதற்குப் பதில் கிடைப்பது அரிது. விண்டோஸில் தமிழ் 99 போட்டுக்கொண்டு எமுலேட்டருக்குள் "அ" அடிக்க விசையைத் தட்டினால் "ஏ" என்ற ஆங்கில எழுத்து விழும். காரணம், பல எமுலேட்டர்கள் விண்டோஸ் உருவாக்கிய எழுத்தை வாங்குவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் வாங்கி ஆண்ட்ராய்டுக்குக் கடத்துகின்றன. விண்டோஸின் தமிழ் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே தமிழை ஆண்ட்ராய்டுக்குள்ளே வைக்கவேண்டும். எமுலேட்டருக்குள் ஜிபோர்டையோ, தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைமுறைகளைத் தரும் செல்லினம் செயலியையோ நிறுவுங்கள். பிறகு ஆண்ட்ராய்டின் செட்டிங்ஸில் சிஸ்டம், மொழியும் உள்ளீடும், ஃபிசிக்கல் கீபோர்டு என்று போய், திரை விசைப்பலகையைக் காட்டும் பொத்தானை ஆன் செய்யுங்கள். இது ஆஃபில் இருப்பதால்தான் "ஜிபோர்டு போட்டேன், வரவே இல்லை" என்கிறார்கள். கணினி விசைப்பலகை இருப்பதாகத் தெரிந்தால் ஆண்ட்ராய்டு திரை விசைப்பலகையை மறைத்துவிடும். மௌஸால் சொடுக்கி அடிப்பது சலிப்புதான். நீளமாக எழுத வேண்டுமென்றால் நான் நோட்பேடில் தமிழ் 99-இல் அடித்து, நகலெடுத்து, எமுலேட்டருக்குள் ஒட்டுகிறேன். பெரும்பாலான எமுலேட்டர்களில் கிளிப்போர்டு இரண்டுக்கும் பொதுதான்.

நிரலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் உரை உள்ளீட்டுக் கட்டளையால் தமிழ் அனுப்ப முயலாதீர்கள். அதற்கு அடிப்படை ஆங்கில எழுத்துகளைத் தாண்டித் தெரியாது.

"ப்ளே ஸ்டோரில் இணைப்பு இல்லை என்கிறது"

விண்டோஸில் இணையம் ஓடுகிறது, எமுலேட்டருக்குள் இல்லை. முதலில் எமுலேட்டருக்குள் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி ஒரு வாரம் பின்னால் இருந்தால் அண்மையில் வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய்ச் சில தளங்கள் திறக்காது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இது அடிக்கடி நடக்கும். மூடும்போது சேமித்த நிலையிலிருந்தே (ஸ்னாப்ஷாட்) மறுபடி எழுவதால் பழைய நினைவோடு விழித்துக்கொள்ளும். முதலிலிருந்து எழுப்பும் "கோல்டு பூட்" கொடுத்தால் தெளியும். கடிகாரம் சரியென்றால் விபிஎன்னை அணையுங்கள், ஆன்டிவைரஸின் ஃபயர்வாலில் எமுலேட்டருக்கு அனுமதி கொடுங்கள்.

சொந்தக் கணினியில் ஓடும் சர்வரை ஸ்டுடியோ எமுலேட்டரிலிருந்து தொட முடியவில்லை என்பவர்களுக்கு: உள்ளே 127.0.0.1 என்றால் அது எமுலேட்டரையே குறிக்கும். உங்கள் கணினியைக் கூப்பிட 10.0.2.2. அதுவும் சரியாகி இன்னும் மறுத்தால், ஆண்ட்ராய்டு 9 முதல் பூட்டில்லாத ஹெச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

மைக், கேமரா வேலை செய்யவில்லை: விண்டோஸின் பிரைவசி அமைப்பில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குள் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, இரண்டு வாசலும் திறக்கவேண்டும்.

உணவுச் செயலி வேறு ஊரைக் காட்டுகிறது: எமுலேட்டருக்கு ஜிபிஎஸ் கிடையாது. பக்கப்பட்டையில் இருப்பிடப் பொத்தான் இருக்கும், கையால் குறியுங்கள்.

எழுத்துகள் மங்கல்: எமுலேட்டரின் டிபிஐயை (திரைப்புள்ளி அடர்த்தி) 240-இலிருந்து 320-க்கு ஏற்றிப் பாருங்கள்.

ஏடிபி சாதனத்தைக் காட்டவில்லை, அல்லது இணைந்து இணைந்து அறுகிறது: எமுலேட்டர் தன்னோடு ஒரு பழைய ஏடிபியைக் கொண்டுவரும், ஸ்டுடியோ புதியதை வைத்திருக்கும், இரண்டும் 5037 என்ற ஒரே போர்ட்டுக்குச் சண்டைபோட்டு ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கும். எமுலேட்டர் கோப்புறையிலுள்ள ஏடிபியின் இடத்தில் ஸ்டுடியோவினுடையதை நகலெடுத்துப் போட்டால் சமாதானம்.

விண்டோஸ் 11-இலேயே ஆண்ட்ராய்டு செயலி ஓடுமே, இப்போது ஏன் கிடைக்கவில்லை: மைக்ரோசாஃப்ட் அந்த வசதிக்கான ஆதரவை 2025 மார்ச் 5-உடன் நிறுத்திவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் கெடவில்லை.

"சி டிரைவ் நிரம்பிக்கொண்டே போகிறது"

எமுலேட்டரின் வட்டு என்பது உங்கள் கணினியில் ஒரே ஒரு பெரிய கோப்பு. அது வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 10 ஜிபி விளையாட்டை அழித்தாலும் வெளியே அந்தக் கோப்பு அதே எடையில் இருக்கும். ப்ளூஸ்டாக்ஸின் மல்டி-இன்ஸ்டன்ஸ் மேனேஜரில் டிஸ்க் கிளீனப் இருக்கிறது, ஓட்டுங்கள். மறந்துபோன பழைய இன்ஸ்டன்ஸ்களும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, அழித்து நிறுவுவது

மேலே எதிலும் அடங்கவில்லை, அல்லது அப்டேட் பாதியில் மின்சாரம் போய்க் கோப்புகள் சிதைந்தன என்றால் அழிக்கத்தான் வேண்டும். அதற்கு முன், விளையாட்டுகள் கூகுள் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். "விருந்தினர்" கணக்கில் விளையாடியதெல்லாம் வட்டோடு போய்விடும்.

நிறுவும் கோப்பை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதிலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2021 தொடக்கத்தில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், நாக்ஸின் அப்டேட் வழியாகவே குறிவைத்துச் சிலருக்கு உளவு மென்பொருள் அனுப்பப்பட்டது தெரியவந்தது. அகப்பட்டவர்கள் தைவான், ஹாங்காங், இலங்கை ஆகிய இடங்களில் இருந்தார்கள். நான் எமுலேட்டருக்குள் முதன்மை ஜிமெயில் கணக்கை நுழைப்பதில்லை; அதற்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறேன்.

அன்இன்ஸ்டால் முடிந்ததும் உடனே புதியதை நிறுவாதீர்கள். சி டிரைவில் "ப்ரோக்ராம்டேட்டா" என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும். ப்ளூஸ்டாக்ஸ் தன் வட்டையும் அமைப்புகளையும் அங்கேதான் வைக்கிறது. பழைய கோப்புறை அங்கே மிச்சம் இருந்தால் புதிய நிறுவல் அதே சிதைந்த அமைப்பை எடுத்துக்கொண்டு அதே சதவீதத்தில் போய் நிற்கும். அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு நிறுவுங்கள்.